அரிக்கொம்பன் தாண்டாத சுவர்

2023 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை கேரளத்துச் செய்திச் சேனல்களுக்கு ஒரே ஒரு யானை போதுமானதாக இருந்தது. இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று பழகிய ஆண் யானை. மலையாளத்தில் அரி என்றால் அரிசி; அரிக்கொம்பன் என்று பெயர் வந்துவிட்டது. ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, நான்கு கும்கிகளைக் கொண்டு லாரியில் ஏற்றி, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியார் புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாட்களில் அது தமிழ்நாட்டின் மேகமலைப் பக்கம் போனது, திரும்பியது, மறுபடி போனது. மே 27 அன்று கம்பம் நகரத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை அதைப் பிடித்து, தேனியிலிருந்து நெல்லைச் சீமை வரை லாரியில் கொண்டுவந்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல் கோதையாறு பகுதியில் விட்டது.

அந்த இடத்தை வரைபடத்தில் தேடிப் பார்த்த திருவனந்தபுரத்துக்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேல் கோதையாற்றுக்கு மேற்கே மலைமுகடு. முகடு தாண்டினால் நெய்யாறு சரணாலயம். அதன் அடிவாரத்தில் அம்பூரி, கோட்டூர். அங்கிருந்து நகரத்துக்குப் பஸ் இருக்கிறது.

இரண்டு கேள்விகள் அப்போது ஊரெல்லாம் அடிபட்டன. இந்தப் பக்கம் இறங்கிவிடுமா? இல்லை, சின்னக்கானலுக்கே திரும்பி நடந்துவிடுமா? முதல் கேள்விக்கு விடை எளிது: நினைத்தால் இறங்கலாம். நெய்யாற்றுக் காட்டு யானைகளும் கோதையாற்றுக் காட்டு யானைகளும் ஒரே மலையில்தான் திரிகின்றன. இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. கோதையாற்றிலிருந்து சின்னக்கானல் நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல். வேண்டுமென்று நடக்கும் யானைக்கு ஓர் இரவில் 20 கிலோமீட்டர் பெரிய காரியமில்லை. வழி நெடுக மேற்குத் தொடர்ச்சி மலை. பத்துப் பதினைந்து இரவு நடந்தால் போதும். ஆனால் அது போகவில்லை. செப்டம்பரில் மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தலைகாட்டியது, பிறகு கோதையாற்றுக் காட்டுக்கே போய்விட்டது.

புதிய காடு அதற்குப் பிடித்துப்போயிருக்கலாம். தீனியும் தண்ணீரும் அங்கே தாராளம். ஆனால் பிடிக்காமல் போயிருந்தாலும் அது வடக்கே வெகுதூரம் போயிருக்க முடியாது. வழியில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை எந்த வரைபடமும் சுவர் என்று காட்டுவதில்லை.

கோடு வேறு, தடை வேறு

முதலில், வரைபடம் காட்டுகிற எல்லையைப் பார்த்துவிடுவோம். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் நான்கு தென் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தது. மலைமேல் எல்லை பெரும்பாலும் முகட்டின் வழியே ஓடுகிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம் இந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த மலைகளில் கிழக்கே பெய்யும் மழை தாமிரபரணிக்கும், மேற்கே பெய்வது நெய்யாற்றுக்கும் கரமனையாற்றுக்கும் போகிறது. திருவனந்தபுரம் குடிப்பது கரமனையாற்றுத் தண்ணீரை.

முகட்டில் வேலியும் கிடையாது, சுவரும் கிடையாது. இரு பக்கமும் சேர்ந்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது. விலங்குகளைப் பொறுத்தவரை இந்த எல்லை இல்லவே இல்லை.

மனிதர்களுக்கு அப்படியில்லை. காணிக்காரர் என்ற பழங்குடியினர் மலையின் இரு பக்கமும் வாழ்கிறார்கள்: கோட்டூர்ப் பக்கம் கேரளத்தில், பாபநாசம், பேச்சிப்பாறைப் பக்கம் தமிழ்நாட்டில். ஒரே மக்கள், ஆனால் நிலப்பட்டா, காட்டு உரிமை, பள்ளிக்கூட மொழி எல்லாம் வேறு வேறு. தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்திலேயே கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று இடக்குறிப்பும் உண்டு. மலையை விட்டு வேறு வட்டத்துக்குக் குடிபோனவர் காணிக்காரர்தானா என்று அலுவலகத்தில் கேள்வி வரும். தண்ணீருக்கும் அதே கதி. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வரை பாசனத்துக்காக வெட்டப்பட்டது. 2004 முதல் கேரளம் அதில் தண்ணீர் விடுவதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. முகட்டில் யானை சாவகாசமாகத் தாண்டும் அதே கோட்டை, அடிவாரத்தில் வாய்க்கால் தண்ணீரால் தாண்ட முடியவில்லை.

ஆக, எல்லைக் கோடு இருக்கும் இடத்தில் எல்லாம் விலங்குகளுக்குத் தடை இருப்பதில்லை. மனிதர்கள் எதையாவது நட்டு வைத்தால்தான் தடை. 1958இல் போட்ஸ்வானாவில் மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவாமலிருக்கக் கூகே வேலியை அமைத்தார்கள். 1980களின் வறட்சியில் தண்ணீர் தேடி வந்த பல்லாயிரம் காட்டெருமை மான்கள் அந்தக் கம்பி வரிசையில் முட்டிச் செத்தன. 2022இல் போலந்து, பெலாரஸ் எல்லையில் 186 கிலோமீட்டர் நீளத்துக்கு 5.5 மீட்டர் உயர இரும்புச் சுவர் எழுப்பியது. அகதிகளைத் தடுக்க எழுப்பிய சுவர். அது குறுக்கே அறுத்தது பியாவோவியேஜா என்ற பழங்காட்டை. மேற்குத் தொடர்ச்சி மலையில் யாரும் இப்படி ஒரு சுவரை வேண்டுமென்று எழுப்பவில்லை. ஆனால் செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்று தானாகவே எழும்பிக்கொண்டிருக்கிறது.

ஒரு குருவியின் சாட்சி

அகத்தியமலையிலிருந்து வடக்கே போனால் மலைத்தொடர் ஓரிடத்தில் சட்டென்று தாழ்கிறது. அதுதான் செங்கோட்டைக் கணவாய். கேரளத்தில் ஆரியங்காவுக் கணவாய். பாலக்காட்டுக் கணவாயோடு ஒப்பிட்டால் இது மிகக் குறுகலானது, பத்து கிலோமீட்டர்கூட இல்லை. கணவாயின் தெற்கே அகத்தியமலை, வடக்கே பெரியார் மலைகள்.

உயரத்துச் சோலைக்காடுகளில், ஈரமான தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும் ஒரு சின்னப் பறவை உண்டு. நீலச் சாம்பல் முதுகு, வெளுத்த வயிறு, குட்டைச் சிறகு. அதிக தூரம் பறக்காது. குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வருவதும் அரிது. பறவையியலாளர் வி.வி. ராபின், மரபணு ஆய்வாளர் உமா ராமகிருஷ்ணன் முதலானோர் மலை மலையாக ஏறி இந்தப் பறவைகளின் இரத்த மாதிரிகளை ஒப்பிட்டார்கள். கணவாய்க்குத் தெற்கே வாழ்பவை வடக்கே வாழ்பவற்றிலிருந்து விலகிப்போயிருந்தன. 2017இல் தெற்குப் பறவை தனி இனமாக அறிவிக்கப்பட்டது. அகத்தியமலைப் பகுதிக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வழங்கும் ஆஷாம்பு என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள். உலகிலேயே இந்த மலைகளில் மட்டும்தான் அது இருக்கிறது.

நடந்தது என்ன? கணவாயின் அடியில் சூடும் வறட்சியும் அதிகம். குளிருக்குப் பழகிய குருவி அதற்குள் இறங்குவதில்லை. பல ஆயிரம் தலைமுறைகள் இரு பக்கத்தாரும் கலக்காமலே இருந்தார்கள். ஒரு கூட்டத்தின் மரபணு இன்னொரு கூட்டத்தில் போய்க் கலப்பதை மரபணுப் பாய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். பாய்ச்சல் நின்றால், இரு பக்கமும் தனித்தனியே சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு நாள் இரண்டும் இரு இனங்களாகிவிடும்.

இது இயற்கையே எழுப்பிய சுவர். இதில் கெட்டது ஒன்றுமில்லை. புதிய உயிரினங்கள் பிறப்பது இப்படித்தான். காலம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் பிரிந்தால் புது இனம் வரும். இரண்டு மூன்று தலைமுறைக்குள் பிரித்துப் போட்டால் வருவது நலிவு.

யானைக்கு அது வாசல்

குருவிக்குச் சுவரான அதே பள்ளத்தாக்கு யானைக்கு வாசலாக இருந்தது. தாழ்ந்த காடு, மூங்கில், ஓடை. இதைவிடச் சௌகரியமான வழி மலையில் கிடைக்காது. பெரியார்க் காட்டு யானைகளும் அகத்தியமலை யானைகளும் இதன் வழியே போய்வந்திருக்க வேண்டும்.

ஆனால் யானைக்குச் சௌகரியமான வழி மனிதனுக்கும் சௌகரியம். மாட்டுவண்டிப் பாதை வந்தது. 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. 2018இல் அது அகல ரயில்பாதையாகித் திறக்கப்பட்டது. ரயிலுக்குப் பக்கத்திலேயே கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. தென்மலை, ஆரியங்காவுப் பக்கம் ரப்பரும் தேக்கும். கிழக்கே புளியரை, செங்கோட்டை, வயல்கள், தோப்புகள், வீடுகள்.

இப்போது அரிக்கொம்பனை மனத்தில் வடக்கே நடத்திப் பார்ப்போம். கோதையாறு, மாஞ்சோலை, முண்டந்துறை, குற்றாலத்துக்கு மேலுள்ள மலைகள்: இதுவரை காடு விடாமல் தொடர்கிறது. பிறகு மலை இறங்குகிறது. பகலில் ரப்பர் தோட்டத்தில் ஆட்கள் பால் வெட்டுகிறார்கள், அதனால் இருட்டும் வரை மேலேயே ஒதுங்கி நிற்க வேண்டும். இருட்டியதும் இறங்கினால் தோட்டத்தைச் சுற்றி வேலி. வேலி முடியும் இடம் பார்த்துச் சாலைக்கு வந்தால், ஒரு பக்கம் மலையை வெட்டியெடுத்த செங்குத்து மண்சுவர், மறுபக்கம் கருங்கல் தடுப்புச்சுவர். யானையால் குதிக்க முடியாது. நான்கு காலையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எடுக்கும் உடலமைப்பே அதற்கில்லை. ஆக, சுவர் தாழ்கிற ஓர் இடத்தைத் தேட வேண்டும். சபரிமலை சீசனில் இந்தச் சாலையில் இரவும் பகலும் வண்டிகள். சாலையைக் கடந்தால் தண்டவாளம். இங்கே ஒரு சின்ன ஆறுதல் உண்டு: மலைப்பாதை என்பதால் ரயில் பல இடங்களில் குகைக்குள் நுழைகிறது, பாலத்தின் மேல் போகிறது. குகையின் தலைமேல் நடக்கலாம், பாலத்தின் காலுக்கிடையே போகலாம். 1904இன் பொறியாளர்கள் யானையை நினைத்து அதைக் கட்டவில்லை. ஆனால் நெடுஞ்சாலையைவிட அந்த ரயில்பாதை யானைக்கு அனுகூலமானது. பிறகு மறுபடி தோட்டம், வீடு, நாய், டார்ச் வெளிச்சம், பட்டாசு. விடிவதற்குள் எதிர்ப்பக்கக் காட்டை எட்டியாக வேண்டும்.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தாண்டக்கூடியதே. அடுத்தடுத்து, ஒரே இரவில், விளக்குகளுக்கு நடுவே என்றால் பெரும்பாலான யானைகள் முயல்வதே இல்லை.

தடையைச் சல்லடையாக நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு உயிருக்கும் கண் அளவு வேறு. இரவில் வெறிச்சோடிய சாலையைக் காட்டுப்பன்றி சாதாரணமாகக் கடந்துவிடும். சிங்கவால் குரங்குக்கு, மரக்கிளைகள் மேலே கைகோக்காத சாலை முடிந்துபோன உலகம். தரைக்கு இறங்கவே தயங்கும். அதனால்தான் வால்பாறையில் சாலைக்கு மேல் கிளைக்குக் கிளை கட்டிய பாலங்களை அமைத்திருக்கிறார்கள். கவசவால் பாம்பு மண்ணுக்குள் வாழ்வது. அதற்குத் தார்ச்சாலை என்பதே ஒரு பாலைவனம்.

ஆண் யானை செய்கிற வேலை

யானைகள் கடக்காவிட்டால் என்ன, இரு பக்கமும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றலாம். இங்கே யானைக் குடும்பத்தின் ஓர் ஒழுங்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே பாட்டி, தாய், சித்தி என்று காலம் முழுக்க இருப்பார்கள். ஆண்கள் 10 முதல் 15 வயதுக்குள் கூட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள். பிறகு தனியாகவோ, இரண்டு மூன்று ஆண்களாகவோ தொலைதூரம் திரிவார்கள். மதம் பிடிக்கும் காலத்தில் வேறு கூட்டத்துப் பெண்ணைத் தேடிப் போவார்கள். ஒரு மலையின் மரபணு இன்னொரு மலைக்குப் போவது ஏறக்குறைய முழுவதும் இந்த நாடோடி ஆண்களின் கால்களால்தான்.

பயிருக்கு வருவதும் பெரும்பாலும் இதே ஆண்கள்தான். பெரிய உடம்பு வளர்த்தால்தான் மற்ற ஆண்களை வெல்ல முடியும்; ஓர் இரவில் வாழைத்தோட்டம் தரும் சத்தைக் காட்டுப் புல்லில் சேர்க்க நாலைந்து நாள் வேண்டும். குட்டியோடு இருக்கும் தாய் எடுக்காத துணிச்சலைத் தனி ஆண் எடுக்கிறது. அரிக்கொம்பன் அந்த வகை.

நாம் கட்டும் வேலிகள் எல்லாம் குறிவைப்பது இந்த ஆண்களை. காட்டையும் காட்டையும் கோக்கிற ஊசியும் இதே ஆண்கள்தான். பயிரைக் காக்க ஓர் ஆணை மடக்கும்போது, நம்மை அறியாமலே இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள தையலைப் பிரிக்கிறோம். சிறிய கூட்டத்துக்குள்ளேயே உறவு கலந்துகொண்டே போனால் குட்டிகளின் நோய் எதிர்ப்பு குறையும், இறப்பு கூடும். யானைக்கு ஒரு தலைமுறை என்பது இருபது ஆண்டுக்கு மேல். இன்று நடக்கும் தவறு நம் பேரன்கள் காலத்தில்தான் கணக்கில் தெரியும். எந்த அரசாங்கத்துக்கும் இதில் அவசரம் வராததற்கு இது போதுமான காரணம்.

மெல்லிய கம்பி, ஐந்து டன் யானை

திருவனந்தபுரம் மாவட்டத்துக் காட்டோரங்களில் பரவலாகக் காண்பது சோலார் வேலி. இதில் பாயும் மின்சாரம் ஆளைக் கொல்லாது. எனர்ஜைசர் என்ற பெட்டி, சுமார் ஒரு வினாடிக்கு ஒரு முறை, ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ள ஒரு துடிப்பைக் கம்பியில் அனுப்புகிறது. துடிப்பு நீடிப்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தும்பிக்கை பட்டால் மின்சாரம் உடம்பு வழியே மண்ணுக்கு இறங்கி வட்டம் முடிகிறது. வலி உண்டு, காயம் இல்லை. யானையை நிறுத்துவது கம்பியின் பலமல்ல, அந்த வலியின் ஞாபகம்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது வேறு விஷயம். அது விடாமல் பாயும், தசை இறுகும், விடுபடவே முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளிப் பக்கம் இப்படி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அருகில் நின்றன. அதே கம்பியில் மனிதர்களும் சாகிறார்கள்.

ஒழுங்கான சோலார் வேலியையும் யானை படித்துவிடுகிறது. தந்தத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது. கம்பியைத் தந்தத்தால் தூக்கி அறுக்கும். கம்பத்தைக் காலால் சாய்க்கும். மரத்தைக் கம்பிமேல் தள்ளும். இதற்கு மாற்றாக வந்ததுதான் தொங்கு வேலி: உயரத்திலிருந்து கம்பிகள் விழுதுபோலத் தொங்கும், சாய்க்கக் கைக்கெட்டும் தூரத்தில் கம்பம் இருக்காது. அகழி இன்னொரு வழி. மூன்று மீட்டர் அகலத்தில் வெட்டினால் யானையால் எட்டி வைக்க முடியாது. ஆனால் நம் ஊர் மழையில் இரண்டு பருவத்துக்குள் கரை சரிந்து சரிவாகிவிடும். மிச்சத்தை யானையே காலால் தள்ளி நிரப்பிவிடும். கர்நாடகத்தின் நாகரஹொளேயில் பழைய தண்டவாள இரும்பை வைத்து வேலி கட்டினார்கள். 2018 டிசம்பரில் ஓர் ஆண் யானை அதன்மேல் ஏறித் தாண்டப் பார்த்து மாட்டி இறந்தது.

சோலார் வேலிக்கு உண்மையான எதிரி யானை அல்ல, புல். கம்பியில் செடி தொட்டால் துடிப்பு அதன் வழியே மண்ணுக்குக் கசிகிறது. நாலு இடத்தில் கசிந்தால் யானைக்கு மிச்சம் ஒன்றுமில்லை. திருவனந்தபுரத்தில் இரண்டு பருவமழை. புல் நிற்காமல் வளரும். அரிவாள் எடுத்து அதை வெட்டப்போவது யார்? வேலி போட ஒப்பந்தக்காரர் உண்டு, திறப்பு விழாவுக்கு ஆள் உண்டு. மூன்றாவது மாதம் புல் வெட்ட ஆள் இல்லாததால் செயலிழந்த வேலிகள் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் கிடக்கின்றன.

வேலி முடியும் இடத்தில் வீடு

நன்றாக வேலை செய்யும் வேலிக்கும் ஒரு சங்கடம் உண்டு: அது முடிகிற இடம். யானை வேலியோரமாகவே நடந்து, முடிகிற இடத்தில் உள்ளே நுழையும். அங்கே யார் வீடு இருக்கிறதோ, அவர்மேல் முழு பாரமும் விழும். வசதியான தோட்டம் வேலி போட்டால் பக்கத்திலுள்ள அரை ஏக்கர் மரச்சீனிக்காரர் அவதிப்படுவார். காட்டுக்குள் வாழும் காணிக்காரருக்கு இன்னும் சிக்கல். காட்டின் ஓரத்தில் வேலி போட்டால் அவர்கள் யானையின் பக்கம் மாட்டிக்கொள்வார்கள்.

பிடித்து வேறு காட்டில் விடுவது இதைத் தீர்க்குமா? இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் சகாக்களும் இப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளைக் காலர் மாட்டிப் பின்தொடர்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில யானைகள் பழைய இடத்துக்குத் திரும்பின, சில அலைந்தன, சில புது இடத்திலேயே தங்கின. ஆக மொத்தத்தில் பயிர்ச் சண்டை குறையவில்லை, புது ஊர்களுக்குப் பரவியது. சின்னக்கானலின் தலைவலி ஒரே மாதத்தில் கம்பத்துக்கு வந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

அதே இலங்கைக் குழு வேறொன்றையும் செய்துகாட்டியது. காட்டின் எல்லையில் வேலி போடுவதை விட்டுவிட்டு, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுவது. ஊர் வேலி நிரந்தரம். வயல் வேலி தற்காலிகம்: விதைக்கும்போது விவசாயிகளே கம்பம் நட்டுக் கம்பி இழுப்பார்கள், அறுவடை முடிந்ததும் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுவார்கள். பிறகு அடுத்த விதைப்பு வரை யானைகள் வந்து தாளையும் புல்லையும் மேய்ந்துகொள்ளலாம். வேலி அவர்களுடையது என்பதால் புல் வெட்டுவதும் அவர்களே.

இதை அப்படியே கோட்டூருக்கோ ஆரியங்காவுக்கோ கொண்டுவர முடியாது. இலங்கையில் நெல், ஒரே நேரத்தில் விதைப்பு, ஒரே நேரத்தில் அறுப்பு. இங்கே வாழை, மரச்சீனி, ரப்பர், மிளகு எல்லாம் ஆண்டு முழுவதும் நிற்கும். கம்பியைக் கழற்றும் நாளே வராது. ஊரைச் சுற்றிய வேலியை மட்டும் எடுத்துக்கொண்டு, கணவாயில் யானை நடக்கும் ஒன்றிரண்டு பட்டைகளில் பயிரை மாற்றிப் பார்க்கலாம். யானைக்கு ருசிக்காத மஞ்சளும் இஞ்சியும் நட்டால் நஷ்டம் குறையும். சாலைக்கு வேறு வழி வேண்டும். மத்திய இந்தியாவில் பெஞ்ச் காட்டை ஊடறுக்கும் நெடுஞ்சாலையை ஒன்பது இடங்களில் தூக்கிக் கட்டி அடியில் விலங்குகளுக்கு வழி விட்டிருக்கிறார்கள். மிக நீளமானது 750 மீட்டர். புலியும் கடமானும் அதன் அடியில் நடந்துபோவதைக் கேமரா படம் பிடித்திருக்கிறது. ஆரியங்காவுக்கு அவ்வளவு நீளமே வேண்டாம். ரயில் குகைகளின் தலைக்கு நேரே சாலையில் ஓரிடத்தைத் தேர்ந்து, தடுப்புச்சுவரை இடித்துச் சரிவாக்கி, இரவு வண்டிகளை மெதுவாக விட்டாலே ஓர் ஆண் யானை கடக்கப் போதும்.